கல்லறையில் வெட்டிய எண்

இங்கிலாந்தில் மான்செஸ்டர் நகரத்துக்கு அருகே சேல் என்று ஓர் ஊர் இருக்கிறது. அங்கே புரூக்லாண்ட்ஸ் என்ற கல்லறைத் தோட்டம். அதில் ஒரு கல்லறைக் கல்லின் உச்சியில் ஓர் எண்ணை வெட்டி வைத்திருக்கிறார்கள்.

772.55.

பிறந்த வருஷம் அல்ல. இறந்த வருஷமும் அல்ல. சொத்துக் கணக்கும் அல்ல. அந்தக் கல்லின் கீழே உறங்குகிற மனிதர் தமது 24-வது வயது முதல் 59-வது வயது வரை தேடித் தேடி அளந்த எண் அது.

அவர் பெயர் ஜேம்ஸ் பிரெஸ்காட் ஜூல்.

மின்சார பில்லில் யூனிட் என்று போடுகிறார்கள். பிஸ்கட் பொட்டலத்தில் கலோரி என்று அச்சிடுகிறார்கள். யூனிட்டைக் கலோரியாகவும் கலோரியை யூனிட்டாகவும் மாற்றி இன்று பள்ளிக்கூடப் பையன்கூடக் கணக்குப் போட்டுவிடுகிறான். அந்தக் கணக்குக்கு வழி திறந்தவர் இந்த ஜூல்தான். அவர் கல்லூரிப் பேராசிரியர் அல்ல. பீர் வடிப்பவர் வீட்டுப் பிள்ளை.

கூச்சமுள்ள பையன்

1818-ம் ஆண்டு டிசம்பர் 24-ந் தேதி, கிறிஸ்துமசுக்கு முதல் நாள், மான்செஸ்டரை ஒட்டிய சால்போர்டில் ஜூல் பிறந்தார். தகப்பனார் பெஞ்சமின் ஜூல், பெரிய பீர் தொழிற்சாலைக்குச் சொந்தக்காரர். பணத்துக்குக் குறைவில்லை. குறைவெல்லாம் பிள்ளையின் உடம்பில்தான். முதுகெலும்பில் கோளாறு. அதனால் நாலு பேர் முன்னால் வரக் கூச்சம். பள்ளிக்கூடத்துக்கு அனுப்பாமல் வீட்டிலேயே வாத்தியார் வைத்துப் படிப்பித்தார்கள்.

1834-ல் தகப்பனார் இரண்டு மகன்களை ஒரு பெரியவரிடம் பாடம் கேட்க அனுப்பினார். அந்தப் பெரியவர்தான் ஜான் டால்டன். பொருள்கள் எல்லாம் அணுக்களால் ஆனவை என்ற கொள்கைக்கு உருவம் கொடுத்த மேதை. ரசாயன வித்தை கற்கலாம் என்று ஆசையோடு போன பையன்களை அவர் கணக்கும் க்ஷேத்திர கணிதமும் போட வைத்தார். ரசாயனத்துக்கு வந்து சேருகிற சமயத்தில், 1837-ல், டால்டனைப் பக்கவாதம் தாக்கியது. பாடம் நின்றுபோயிற்று.

ஜூலுக்குக் கிடைத்த உயர்ந்த படிப்பு ஏறக்குறைய அவ்வளவுதான். ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும். அளவிலே துல்லியம் வேண்டும் என்ற பிடிவாதம் அந்தக் கணக்குப் பாடத்தோடு வந்து ஒட்டிக்கொண்டது.

விளையாட்டும் உண்டு. அண்ணனும் தம்பியும் ஒருவருக்கொருவர் மின்சார அதிர்ச்சி கொடுத்துப் பார்ப்பார்கள். வேலைக்காரர்களையும் விடுவதில்லை. பாவம், அந்த வேலைக்காரர்கள்!

துத்தநாகமா, நிலக்கரியா?

வாலிபர் ஜூல் தகப்பனாரின் தொழிற்சாலையில் வேலை பார்த்தார். பீர் வடிப்பதில் சூடு கொஞ்சம் ஏறினாலும் இறங்கினாலும் சரக்குக் கெட்டுவிடும். உஷ்ணமானியைப் பார்த்தபடியே இருக்கவேண்டிய தொழில் அது. அந்தப் பழக்கம் பின்னால் அவரைக் காப்பாற்றியது.

அப்போது மின்சார மோட்டார் புதிய அதிசயம். தொழிற்சாலையில் ஓடும் நீராவி யந்திரத்தை எடுத்துவிட்டு மின்சார மோட்டாரை வைத்தால் என்ன என்று ஜூல் யோசித்தார். 19-வது வயதில் மோட்டார் செய்தார். அதைப்பற்றி 1838-ல் ஒரு பத்திரிகையில் கட்டுரையும் எழுதினார்.

ஆனால் அவர் வியாபாரி வீட்டுப் பிள்ளை அல்லவா? செலவுக் கணக்கு பார்த்தார். அந்நாளில் மின்சாரம் பாட்டரியிலிருந்துதான் வரும். பாட்டரியில் துத்தநாகம் கரையும். ஒரு ராத்தல் துத்தநாகம் கரைந்தால் எவ்வளவு வேலை நடக்கிறது? ஒரு ராத்தல் நிலக்கரி எரிந்தால் நல்ல நீராவி யந்திரம் எவ்வளவு வேலை செய்கிறது? அளந்து பார்த்தால், நிலக்கரி செய்வதில் சுமார் ஐந்தில் ஒரு பங்குதான் துத்தநாகம் செய்தது. விலையோ துத்தநாகத்துக்குத்தான் அதிகம். மோட்டார் ஆசையை ஜூல் அத்தோடு விட்டுவிட்டார்.

மோட்டார் போனாலும் கேள்வி போகவில்லை. மின்சாரம் ஓடும் கம்பி சுடுகிறதே, அந்தச் சூட்டுக்குக் கணக்கு உண்டா? உண்டு என்று 1840-ல் கண்டுபிடித்தார். மின்னோட்டத்தை இரண்டு மடங்காக்கினால் சூடு நாலு மடங்காகும். மூன்று மடங்காக்கினால் ஒன்பது மடங்காகும். இஸ்திரிப் பெட்டியும் வெந்நீர் ஹீட்டரும் இன்றைக்கும் அந்த விதிப்படிதான் சுடுகின்றன. லண்டன் ராயல் சொசைட்டி இந்தக் கட்டுரையின் சுருக்கத்தை மட்டும் அச்சிட்டது.

படிக்கு எத்தனை கெஜம்?

அந்தக் காலத்தில் உஷ்ணம் என்பதைப்பற்றி என்ன நினைத்தார்கள் என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். இல்லாவிட்டால் ஜூலின் கஷ்டம் விளங்காது.

உஷ்ணம் ஒரு திரவம் என்றே பெரும்பாலான விஞ்ஞானிகள் நம்பினார்கள். கண்ணுக்குத் தெரியாத, எடையில்லாத திரவம். அதற்குக் கலோரிக் என்று பெயர். சூடான பொருளிலிருந்து குளிர்ந்த பொருளுக்கு அது வழிந்து ஓடும். அதைப் புதிதாக உண்டாக்கவும் முடியாது, அழிக்கவும் முடியாது. இதுதான் கொள்கை. கொள்கை மறைந்து எத்தனையோ காலம் ஆகிவிட்டது. அதே வேரில் பிறந்த கலோரி என்ற சொல் மட்டும் இன்னும் நம் வாயில் இருக்கிறது.

இதைச் சந்தேகித்தவர்கள் முன்பே இருந்தார்கள். 1798-ல் ரம்போர்டு பிரபு, மியூனிச் நகரத்து ஆயுதச் சாலையில் பீரங்கி துளைப்பதைக் கவனித்தார். துளைக்கிற உராய்விலேயே தண்ணீர் கொதித்தது. நெருப்பே இல்லை. துளைக்கத் துளைக்க உஷ்ணம் வந்துகொண்டே இருந்தது. திரவம் என்றால் ஒரு நேரத்தில் தீர்ந்துபோக வேண்டாமா என்று அவர் கேட்டார். கேள்வி நல்ல கேள்வி. ஆனால் கொள்கையைச் சாய்க்க அது போதவில்லை.

வேலையை அளக்க ஓர் அளவு இருந்தது. ஒரு ராத்தல் எடையை ஓர் அடி உயரம் தூக்கினால் ஓர் அடி-ராத்தல் வேலை. உஷ்ணத்தை அளக்க வேறோர் அளவு இருந்தது. ஒரு ராத்தல் தண்ணீரைப் பாரன்ஹீட் கணக்கில் ஒரு டிகிரி சுடவைப்பது எதுவோ அது ஓர் அளவு உஷ்ணம். இரண்டுக்கும் உறவு இல்லை. நெல்லைப் படியால் அளக்கிறோம். துணியைக் கெஜத்தால் அளக்கிறோம். ஒரு படிக்கு எத்தனை கெஜம் என்று கேட்டால் சிரிக்க மாட்டார்களா? ஓர் அளவு உஷ்ணத்துக்கு எத்தனை அடி-ராத்தல் வேலை என்று ஜூல் கேட்டபோது, கேட்டவர்களுக்கு அப்படித்தான் இருந்தது.

ஜூல் விடவில்லை. இறைவன் படைத்த சக்தியை மனிதன் அழிக்க முடியாது என்பது அவருடைய திடமான நம்பிக்கை. வேலை செய்து கையைவிட்டுப் போன சக்தி எங்கோ உஷ்ணமாக இருக்கத்தான் வேண்டும். இருந்தால் அதற்கு ஒரு மாற்று விகிதம் இருந்தே தீரவேண்டும். அது எந்த நாளும் மாறாத விகிதமாகவும் இருக்க வேண்டும்.

கார்க் நகரில் மௌனம்

1843-ல் முதல் முயற்சி. காந்தத்தின் முனைகளுக்கு நடுவே, தண்ணீர் நிரம்பிய கண்ணாடிக் குழாய்க்குள் ஒரு கம்பிச் சுருளை வைத்துச் சுழற்றினார். சுருளில் மின்சாரம் பிறந்தது. மின்சாரம் தண்ணீரைச் சுடவைத்தது. சுழற்றுவதற்கு எடைகளை இறங்கவிட்டார். எடை இறங்கிய உயரமும் தெரியும். தண்ணீர் ஏறிய சூடும் தெரியும். வகுத்துப் பார்த்தால் விடை 838 அடி-ராத்தல்.

அந்த விடை சராசரிதான். தனித்தனியாகப் பார்த்தால் சில பரிசோதனைகளில் 600-க்கும் குறைவாக வந்தது. சிலவற்றில் 1,000-க்கும் மேலே போயிற்று. இன்னொரு முறை மெல்லிய துவாரங்கள் வழியாகத் தண்ணீரை அழுத்தித் தள்ளிப் பார்த்தார். அதில் 770 வந்தது.

அந்த ஆகஸ்டு மாதம் அயர்லாந்தில் கார்க் நகரில் பிரிட்டிஷ் விஞ்ஞான வளர்ச்சிச் சங்கம் கூடியது. ஜூல் தமது கட்டுரையை வாசித்தார். சபையில் எதிர்ப்பும் இல்லை, ஆதரவும் இல்லை. மௌனம். எதிர்த்து நாலு வார்த்தை பேசியிருந்தாலாவது மனம் ஆறியிருக்கும்.

அடுத்த ஆண்டு காற்றை அழுத்தியும் விரியவிட்டும் அளந்து ஒரு கட்டுரை அனுப்பினார். ராயல் சொசைட்டி அதை முழுதாக அச்சிட மறுத்தது. தத்துவப் பத்திரிகை ஒன்றில் 1845-ல் அது வெளியாயிற்று.

நியாயமாகப் பேசினால், மறுத்தவர்கள் மேல் முழுக் குற்றமும் சொல்ல முடியாது. ஒரு பீர் தொழிற்சாலைக்காரர் வருகிறார். பட்டம் இல்லை. டிகிரியில் நூற்றில் ஒரு பங்கு, இருநூற்றில் ஒரு பங்கு என்று பேசுகிறார். அவ்வளவு நுணுக்கமாக அந்நாளில் யாரும் சூட்டை அளந்ததில்லை. நம்பு என்றால் எப்படி நம்புவது?

நிலவறைச் சக்கரம்

ஜூலைப் புகழ் பெறச் செய்த பரிசோதனை இதற்குப் பிறகுதான் வருகிறது. 1845-ல் தொடங்கி 1849 வரை இதைத் திருத்தித் திருத்திச் செய்தார்.

ஒரு செப்புப் பாத்திரம். அதில் தண்ணீர். தண்ணீருக்குள் பித்தளைத் துடுப்புச் சக்கரம். தண்ணீர் சக்கரத்தோடு சேர்ந்து சும்மா சுற்றிவிடாதபடி பாத்திரத்தின் உட்புறத்தில் தடுப்புத் தகடுகள். சக்கரத்தின் அச்சில் கயிறு. கயிறு இரண்டு பக்கமும் கப்பிகளின் மேலே போகிறது. கயிற்று நுனிகளில் இரண்டு ஈயக் குண்டுகள்.

குண்டுகள் இறங்கும், சக்கரம் சுற்றும், தண்ணீர் கலங்கும், உராய்வினால் சூடு ஏறும். தயிர் கடைவது போலத்தான். ஆனால் எவ்வளவு சூடு? அங்கேதான் சங்கடம்.

1849-ல் செய்தபடி சொல்லுகிறேன். ஒவ்வொரு குண்டும் 29 ராத்தல். இறங்கிய உயரம் ஐந்தேகால் அடி. இறங்கியதும் மறுபடி மேலே சுற்றி ஏற்றி இறங்கவிட வேண்டும். இப்படி 20 தடவை. அதற்கு 35 நிமிஷம். இத்தனையும் செய்த பிறகு தண்ணீரின் சூடு ஏறியது எவ்வளவு தெரியுமா? பாரன்ஹீட் கணக்கில் அரை டிகிரிக்குக் கொஞ்சம் அதிகம்!

விரலை விட்டுப் பார்த்தால் ஒன்றுமே தெரியாது. பக்கத்தில் ஆள் நின்றாலே அந்த அளவு சூடு ஏறிவிடலாம். ஆகவே ஜூல் சூடு அதிகம் மாறாத நிலவறையில் வேலை செய்தார். தமது உடம்பின் சூடு பாத்திரத்தில் படாதபடி நடுவே பெரிய மரத்திரையை நிறுத்தினார். மான்செஸ்டரில் டான்சர் என்ற கருவித் தொழிலாளர் இருந்தார். அவரைக்கொண்டு, டிகிரியில் 200-ல் ஒரு பங்கைப் படிக்கக்கூடிய உஷ்ணமானிகளைச் செய்துகொண்டார்.

அதுவும் போதவில்லை. கயிறும் கப்பியும் விழுங்கிய வேலையைக் கழித்தார். குண்டு தரையைத் தொடும்போது அதில் மிச்சமிருந்த வேகத்தையும் கழித்தார். சக்கரத்தைச் சுற்றாமல் சும்மா வைத்து, அறைக் காற்றினால் மட்டும் எவ்வளவு சூடு மாறுகிறது என்று தனியே பார்த்து அதையும் கழித்தார். தண்ணீரை வைத்து மட்டும் 40 தடவை. பிறகு தண்ணீருக்குப் பதில் பாதரசம். பிறகு இரும்போடு இரும்பை உரசி ஒரு முறை.

எதை எதோடு உரசினாலும் விடை ஏறக்குறைய ஒன்றாகவே வந்தது. அங்கேதான் வெற்றி. தண்ணீருக்கு ஒரு விகிதம், பாதரசத்துக்கு ஒரு விகிதம் என்று வந்திருந்தால் எல்லாம் பாழ்.

எண் 772. அதாவது, ஒரு ராத்தல் தண்ணீரை ஒரு டிகிரி சுடவைக்கும் உஷ்ணமும், 772 ராத்தல் எடையை ஓர் அடி தூக்கும் வேலையும் ஒன்றுக்கொன்று சமம்.

செய்தித்தாளில் வெளிவந்த விதி

இதற்கு நடுவே நடந்த ஒரு சம்பவம் நம்மைப் போன்ற பத்திரிகைக்காரர்களுக்குப் பெருமை தருவது.

1847-ம் ஆண்டு ஏப்ரல் 28-ந் தேதி மான்செஸ்டரில் புனித ஆன் தேவாலயத்தைச் சேர்ந்த படிப்பறையில் ஜூல் ஒரு பிரசங்கம் செய்தார். சக்தி அழிவதில்லை, உருவம்தான் மாறுகிறது என்பதை யாவருக்கும் புரியும்படி விளக்கினார். ஒரு பெரிய பத்திரிகை அதை முழுதாக வெளியிட விரும்பவில்லை. சிறு குறிப்பு மட்டும் போடுவதாகச் சொன்னது. ஜூலின் அண்ணன் மான்செஸ்டர் கூரியர் என்ற பத்திரிகையில் சங்கீத விமரிசனம் எழுதிவந்தார். அவர் போய்ப் பேசினார். கூரியர் முழுப் பிரசங்கத்தையும் அச்சிட்டது. விஞ்ஞானத்தின் மிகப் பெரிய விதிகளில் ஒன்று உள்ளூர்ச் செய்திகளுக்கு நடுவே இப்படித்தான் வெளியாயிற்று!

இரண்டு மாதம் கழித்து ஆக்ஸ்போர்டில் மறுபடி விஞ்ஞானச் சங்கக் கூட்டம். நேரம் இல்லை, சுருக்கமாகச் சொல்லி முடியுங்கள் என்ற கருத்தில் தலைவர் கேட்டுக்கொண்டார். ஜூலும் அப்படியே முடித்தார். விவாதம் இல்லாமலே அடுத்தவரைக் கூப்பிட்டிருப்பார்கள். ஆனால் வில்லியம் தாம்சன் என்ற 23 வயது வாலிபர் அங்கே இருந்தார். அந்த வயதிலேயே கிளாஸ்கோ சர்வகலாசாலையில் பேராசிரியர். பின்னாளில் கெல்வின் பிரபு என்று உலகப் புகழ் பெற்றவர். அவர் எழுந்து கேட்ட கேள்விகளால் சபை விழித்துக்கொண்டது என்று ஜூல் பிற்காலத்தில் எழுதினார். தாம்சன் நினைவு வேறு. ஜூல் சொல்வது தவறு என்று முதலில் நினைத்ததாகவும், கேட்கக் கேட்க உண்மை இருப்பது தெரிந்து, கூட்டம் முடிந்த பிறகு போய்ப் பேசியதாகவும் அவர் சொல்லுகிறார். எப்படியானால் என்ன? அன்று பிடித்த நட்பு ஆயுள்வரை நீடித்தது.

தாம்சன் உடனே சம்மதித்துவிடவில்லை. பிரெஞ்சு நிபுணர் கார்னோவின் கணக்குப்படி நீராவி யந்திரத்தில் உஷ்ணம் செலவாவதில்லை. மேலிருந்து கீழே இறங்குவது மட்டுமே. ஜூலோ, செய்த வேலைக்கு ஈடான உஷ்ணம் மறைகிறது என்கிறார். இரண்டையும் எப்படிப் பொருத்துவது? நாலு வருஷம் மனத்தில் போட்டுப் புரட்டி, 1851-ல்தான் தாம்சன் முழுதாக ஜூல் பக்கம் வந்தார்.

தேனிலவில் உஷ்ணமானி

அதே 1847-ல் ஆகஸ்டு 18-ந் தேதி ஜூலுக்குக் கல்யாணம். மணமகள் அமேலியா கிரைம்ஸ். தம்பதிகள் ஆல்ப்ஸ் மலைப் பக்கம் தேனிலவுக்குப் போனார்கள். அங்கே சாமோனி அருகே நடந்து வந்துகொண்டிருந்த தாம்சன், எதிரே ஜூல் வருவதைக் கண்டார். கையில் நீண்ட உஷ்ணமானி! புது மனைவி சற்றுத் தூரத்தில் வண்டியில்!

காரணம் இருந்தது. உயரத்திலிருந்து விழும் தண்ணீர் அடியில் மோதும்போது சூடாக வேண்டும் அல்லவா? சுமார் 800 அடி விழுந்தால் பாரன்ஹீட்டில் ஒரு டிகிரி ஏறவேண்டும். 160 அடி விழுகிற நயாகராவில் டிகிரியில் ஐந்தில் ஒரு பங்கு ஏறும் என்று ஜூல் முன்பே கணக்குப் போட்டிருந்தார். ஆல்ப்ஸில் ஓர் அருவியில் அளக்கப் பார்த்தார். தண்ணீர் திவலைகளாகச் சிதறிப்போனதால் அளவு சரிப்படவில்லை.

இந்தக் கதையைத் தாம்சன் பல வருஷம் கழித்துக் கொஞ்சம் மெருகேற்றிச் சொன்னார் என்பாரும் உண்டு. இருக்கலாம். ஆனாலும் ஜூலின் குணத்துக்கு அது பொருத்தமான கதைதான்.

1849-ல் பாரடேயே முன்வந்து ஜூலின் கட்டுரையை ராயல் சொசைட்டியில் சமர்ப்பித்தார். 1850-ல் அது அச்சாயிற்று. அப்போதும் ஒரு வெட்டு விழுந்தது. உராய்வு என்பது வேலை உஷ்ணமாக மாறுவதே என்ற கடைசி முடிவைச் சங்கத்துக் குழு எடுத்துவிடச் சொன்னது. எண்ணை ஏற்றார்கள், அதன் பொருளை ஏற்க இன்னும் தயக்கம்! அதே ஆண்டு ஜூலைச் சங்கத்தில் அங்கத்தினராகச் சேர்த்துக்கொண்டார்கள்.

ஜெர்மன் டாக்டர்

இந்த இடத்தில் இன்னொரு மனிதரின் துயரத்தைச் சொல்லாமல் போனால் நியாயம் ஆகாது.

ஜெர்மனியில் ஹைல்பிரான் நகரத்து டாக்டர் ராபர்ட் மேயர். 1840-ல் ஜாவாத் தீவுக்குக் கப்பல் டாக்டராகப் போனார். சுரபாயாவில் மாலுமிகளுக்கு ரத்தம் எடுத்தபோது, நரம்பில் வரும் ரத்தம் வழக்கத்தைவிடச் சிவப்பாக இருப்பதைக் கண்டார். வெப்ப நாட்டில் உடம்பைச் சூடாக வைக்க உணவு குறைவாக எரிந்தால் போதும். அதனால்தான் அந்தச் சிவப்பு என்று யோசித்தார். யோசனை வளர்ந்தது. உஷ்ணமும் வேலையும் ஒன்றுக்கொன்று மாறக்கூடியவை என்ற முடிவுக்கு வந்தார். 1842-ல், ஜூலுக்கு ஓராண்டு முன்பே, கட்டுரை வெளியிட்டார். எண்ணும் கொடுத்தார். ஓர் எடைத் தண்ணீரை ஒரு சென்டிகிரேட் டிகிரி சுடவைப்பதும், அதே எடையை 365 மீட்டர் உயரம் தூக்குவதும் சமம் என்றார். இன்றைய கணக்கில் அது 427 மீட்டர். மேயர் தாமே பரிசோதனை செய்யவில்லை; வாயுக்களைப்பற்றி மற்றவர்கள் அளந்து வைத்ததிலிருந்து கணக்கிட்டார்.

அவரை யாரும் மதிக்கவில்லை. குழந்தைகளைப் பறிகொடுத்தார். 1850-ல் மாடி ஜன்னலிலிருந்து குதித்தார். உயிர் பிழைத்தது. சில காலம் மனநோய் விடுதியில் அடைபட்டுக் கிடந்தார். 1862-ல் லண்டனில் ஜான் டிண்டல் என்ற விஞ்ஞானி அவருடைய பெருமையை எடுத்துச் சொன்ன பிறகே உலகம் திரும்பிப் பார்த்தது. உடனே யார் முதல் என்று சண்டை மூண்டது. ஜூல் பக்கம் தாம்சனும் அவர் நண்பர்களும். மேயர் பக்கம் டிண்டல். ஜூலும் பேனாவை எடுத்தார். எண்ணத்தை மேயர் சொல்லியிருக்கலாம், அளந்து நிலைநாட்டியவன் நான் என்பதே அவர் வாதம்.

முதலில் சொன்னவர் மேயர். நிரூபித்தவர் ஜூல். இரண்டு பேருக்கும் இடம் இருக்கிறது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. ராயல் சொசைட்டியும் அப்படியே நினைத்ததோ என்னவோ, தனது காப்ளி பதக்கத்தை 1870-ல் ஜூலுக்கும், மறு ஆண்டே மேயருக்கும் கொடுத்தது.

காபித் தண்ணீர்க் கணக்கு

ஜூலின் எண்ணை நம் வீட்டுக்குக் கொண்டுவந்து பார்ப்போம்.

ஒரு கிராம் தண்ணீரை ஒரு சென்டிகிரேட் டிகிரி சுடவைக்கும் உஷ்ணம் ஒரு கலோரி. சுமார் 102 கிராம் எடையை ஒரு மீட்டர் தூக்கும் வேலை ஒரு ஜூல். அவர் பெயரையே அளவுக்கு வைத்துவிட்டார்கள். ஒரு கலோரிக்கு 4.18 ஜூல். அடி-ராத்தலையும் பாரன்ஹீட்டையும் எடுத்துவிட்டு மீட்டரும் கிராமும் போட்டால் ஜூலின் எண் இந்த உருவத்துக்கு வந்துவிடுகிறது.

காபிக்கு ஒரு டம்ளர் தண்ணீர், 200 கிராம், அடுப்பில் வைக்கிறோம். 30 டிகிரியிலிருந்து 100 டிகிரிக்குக் கொண்டுபோக 14,000 கலோரி வேண்டும். ஜூலாக மாற்றினால் சுமார் 58,500. அந்தச் சக்தி, 60 கிலோ எடையுள்ள ஓர் ஆளைச் சுமார் 100 மீட்டர் உயரம் தூக்கிவிடும்! ஒரு டம்ளர் வெந்நீரில் ஒரு மலைக்கோட்டை ஏறும் சக்தி அடங்கிக் கிடக்கிறது. கொஞ்சம் உஷ்ணத்துக்குள் அவ்வளவு வேலை இருப்பதால்தான், அவ்வளவு வேலை செய்தும் ஜூலின் தண்ணீர் அரை டிகிரிதான் சுட்டது. கார்க் நகரத்துச் சபை நம்பாததும் அதனால்தான்.

மின்சார பில்லில் வரும் ஒரு யூனிட் என்பது 1,000 வாட் அடுப்பு ஒரு மணி நேரம் எரிவது. வாட் என்றால் விநாடிக்கு ஒரு ஜூல். 1,000-ஐ 3,600-ஆல் பெருக்கினால் 36 லட்சம் ஜூல். கலோரியாக்கினால் எட்டு லட்சத்து அறுபதாயிரம். சேதாரம் இல்லாவிட்டால் மேலே சொன்ன டம்ளரில் 60 டம்ளருக்குக் குறையாமல் கொதிக்க வைக்கலாம். கடைப் பொட்டலத்தில் கலோரி என்று போடும்போது கிலோகலோரியா என்று பார்த்துக்கொள்ளுங்கள். உணவுக் கணக்கில் சாதாரணமாகச் சொல்லும் கலோரி, ஆயிரம் கலோரி சேர்ந்த கிலோகலோரிதான். இதில் ஏமாறுகிறவர்கள் ஏராளம்.

கடைசி அளவு

1854-ல் அமேலியா காலமானார். ஒரு மகனும் மகளும் மிஞ்சினார்கள். ஏறக்குறைய அதே சமயம் பீர் தொழிற்சாலையும் கைமாறியது. ஜூல் மறுமணம் செய்துகொள்ளவில்லை. தாம்சனோடு சேர்ந்து, அழுத்தத்திலுள்ள வாயுவைச் சிறு துவாரங்கள் வழியே விரியவிட்டால் குளிர்கிறது என்று கண்டார். காற்றைத் திரவமாக்கும் யந்திரங்கள் பின்னால் அதிலிருந்து பிறந்தன.

1867-ல் ஒரு வேடிக்கை. மின்சாரத் தடையை அளக்கும் ஓம் என்ற அளவுக்கு விஞ்ஞானச் சங்கம் ஒரு மாதிரிக் கம்பியைத் தயாரித்திருந்தது. ஜூல் அதைக் கொண்டு மின்சார வழியில் தமது எண்ணை அளந்தார். 772-க்குப் பதிலாக நூற்றுக்கு ஒன்றுக்கு மேல் கூடுதலாக வந்தது. துடுப்புச் சக்கரம் பிசகியதா, ஓம் பிசகியதா? 60 வயதை நெருங்கிய ஜூல், பழைய சக்கரத்தை மறுபடி சுற்றினார். 1878-ல் விடை கிடைத்தது: 772.55. பிசகு கம்பியில்தான் இருந்தது.

அந்த ஆண்டு அவருக்கு அரசாங்கம் வருஷம் 200 பவுன் உபகாரச் சம்பளம் கொடுத்தது. கொடுக்க வேண்டிய நிலையில்தான் அவரும் இருந்தார். சொந்தப் பணத்தைப் பரிசோதனைகளில் செலவிட்டே வாழ்ந்தவர்.

1882-ல் வில்லியம் சீமென்ஸ், சக்தியின் அளவுக்கு ஜூல் என்று பெயர் வைக்கலாம் என்றார். 1889-ல் பாரிஸில் கூடிய சர்வதேச மின்சார மாநாடு அதை ஏற்றது. சில வாரங்களில், அக்டோபர் 11-ந் தேதி, சேல் ஊரிலுள்ள வீட்டில் ஜூல் காலமானார். மான்செஸ்டர் நகர மண்டபத்தின் வாசலில் 1893-ல் அவருக்குச் சிலை வைத்தார்கள். எதிரே இருக்கும் சிலை, கணக்குப் போடவைத்த வாத்தியார் டால்டனுடையது. உஷ்ணத்தையும் ஜூலிலேயே அளக்க வேண்டும் என்று 1948-ல் சர்வதேச அளவை மாநாடு தீர்மானித்தது.

எண் மட்டும் நகர்ந்தது. அமெரிக்காவில் பால்டிமோர் நகரத்தில் ஹென்றி ரோலண்ட் 1879-ல் இன்னும் பெரிய கருவி கட்டி அளந்து, ஜூலின் உஷ்ணமானியையும் ஒப்பிட்டுப் பார்த்தார். ஜூலின் அளவு கொஞ்சம் குறைவு என்று தெரிந்தது. இன்றைக்கு வழங்கும் எண் 778.17. வித்தியாசம் நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை.

புரூக்லாண்ட்ஸ் கல்லறைத் தோட்டத்தில் அதைத் திருத்தவில்லை. 772.55 என்றே இருக்கிறது.